திருநங்கை, திருநம்பி போர்ட்ரெய்ட்: மதுரையில் எடுக்க வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இந்த வகைப் படங்களில் புதியவர்கள் சறுக்குவது கேமராவில் அல்ல, வரிசையில். லென்ஸை மாட்டிய பிறகு சம்மதம் கேட்கிறார்கள். உடலை முதலில் எடுத்துவிட்டு முகத்துக்கு வருகிறார்கள். படம் இணையத்தில் ஏறிய பிறகு பெயர் சரியா என்று விசாரிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

கேமராவின் அடிப்படை தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது இது. 18 வயது நிரம்பியவர்களை மட்டும் எடுங்கள். வயதில் சந்தேகம் இருந்தால் அடையாள அட்டையில் பிறந்த தேதியை மட்டும் காட்டச் சொல்லுங்கள். அட்டையில் பழைய பெயர் இருக்கலாம். அதை அவர் விரலால் மறைத்துக்கொள்ளட்டும்.

1. முதலில் தயாராக வேண்டியவை

ஃபுல் ஃப்ரேம் கேமரா என்றால் 50, 85 மிமீ லென்ஸ்கள். கிராப் சென்சார் என்றால் 35, 50 போதும். வீட்டு அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடிதான். அதில் 85-ஐ வைத்து இடுப்பளவு படம் எடுக்கப் பார்த்தால் முதுகு சுவரில் முட்டும்.

வெள்ளை தெர்மோகோல் தாள் 2, கறுப்புத் துணி 2 மீட்டர், ஜன்னலில் கட்ட ஒரு வெள்ளைப் பருத்தி வேட்டி, கிரே கார்டு, தரையில் ஒட்ட டேப், துவைத்த துண்டு 2, பெடஸ்டல் ஃபேன். வேட்டி நீலம் போடாததாக இருக்கட்டும். நீலம் போட்ட துணி வழியே வரும் வெளிச்சம் தோலில் சாம்பல் பூசியதுபோல விழும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்யப்போனால் உதட்டு நிறம் கெடும்.

ஃபிளாஷ் இல்லாமல் தொடங்குவதே நல்லது. அதன் காரணம் 7-ஆம் பகுதியில்.

2. கேமரா இல்லாத முதல் சந்திப்பு

கேமராப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பை தெரிந்தாலே எதிரில் இருப்பவர் போஸ் கொடுக்கத் தயாராகிவிடுவார், பேச்சு வராது.

திருநங்கைகளை ஜமாத்தில் (குடும்பம் போன்ற அவர்களுடைய அமைப்பு) மூத்தவர் மூலமாகச் சந்திப்பது வழக்கம், மரியாதையும்கூட. ஆனால் குருவோ நானியோ (ஜமாத்தின் மூத்தவர்கள்) சொன்ன “சரி” அவர் மகளாக ஏற்றுக்கொண்டவரின் “சரி” ஆகிவிடாது. மூத்தவர் எதிரில் மறுப்பது கடினம் என்பதால், தனியாக இன்னொரு முறை கேட்டாக வேண்டும். திருநம்பிகளுக்கு (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) இப்படியொரு அமைப்பு பெரும்பாலும் இல்லை. பெற்றோர் வீட்டிலேயே, வெளியில் சொல்லாமல் இருப்பவர்கள் பலர். அவர் சொல்லும் இடத்தில் சந்தியுங்கள். வீட்டுத் தெருவில் போய் நின்று போன் செய்யாதீர்கள்.

நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படிக் கூப்பிட வேண்டும்: அக்காவா, அண்ணனா, தம்பியா, வெறும் பெயரா? இந்தப் படம் அவருக்கு எதற்கு? உடலில் எது தெரியக்கூடாது? யார் பார்க்கக்கூடாது? நான்காவது கேள்வியை விட்டுவிடுபவர்களே அதிகம். பின்னால் வரும் தகராறுகளில் முக்கால்வாசி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

பழைய பெயர், நிர்வாணம் (பாலின மாற்று அறுவையை ஜமாத்தில் இப்படிச் சொல்வார்கள்) ஆகிவிட்டதா, சின்ன வயதுப் படம் இருக்கிறதா: இந்த மூன்றையும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

எந்தப் படம் வேண்டாம் என்பதையும் இங்கேயே பேசிவிடுங்கள். கண்ணாடி முன் லிப்ஸ்டிக், பாதி முகம் ஆண் பாதி முகம் பெண், கூவாகத்தில் தாலி அறுத்து அழும் முகம். இந்த மூன்றையும் பழக்கத்தில் யோசிப்பவர்கள் நிறைய. ஆள் யார் என்பதைச் சொல்லாமல் “மாறினார்” என்பதை மட்டும் சொல்லும் படங்கள் இவை. அவரே ஆசைப்பட்டுக் கேட்டால் எடுங்கள், நீங்கள் முன்மொழியாதீர்கள்.

உடலைப் பற்றிய படம் என்றதும் மார்பும் தழும்பும்தான் நினைவுக்கு வருகிறது. கல்யாணச் சமையலில் அண்டா இறக்கும் முன்கையும், கரகம் தாங்கித் தாங்கி இறுகிய கழுத்தும் அதே உடலில்தான் இருக்கின்றன. என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், எதை எடுப்பது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

3. தேதியும் காசும்

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய வாரத்தை விட்டுவிடுங்கள். கூவாகம் போகிறவர்கள் ஊரில் இருக்கமாட்டார்கள். போகாதவர்களைப் பார்க்கவும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தெருவைக் கடக்க முடியாது. சமையல் வேலைக்குப் போகிறவர்களுக்கு முகூர்த்த நாள் ஆகாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் கையில் நேரம் இருக்கும். கரகம் ஆடுகிறவர்களுக்கு இது தலைகீழ். ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் நடப்பதால் இரவெல்லாம் வேலை, பகலில் முகம் வீங்கியிருக்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் பாருங்கள். ஃபேன் இல்லாத அறையில் மேக்கப் அரை மணி நேரம்கூடத் தாங்காது.

அன்று அவர் வேலைக்குப் போயிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று கேட்டு, அதற்குக் குறையாமல் கொடுங்கள். முதல் படம் எடுப்பதற்கு முன்பே, ரொக்கமாக. எடுத்து முடித்துத் தருவதாகச் சொன்னால் நடுவில் “இது வேண்டாம்” என்று சொல்வதற்கு அவர் தயங்குவார். அப்படித் தயங்கி எடுத்த படம் முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

4. சம்மதத் தாள்

தமிழில், ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில். படிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொள்வதைக் குரல்பதிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகல் அவரிடம் இருக்க வேண்டும். தாளில் இருக்க வேண்டியவை:

முகம் தெரியலாமா. எந்தெந்த உடல் பகுதி தெரியலாம் (ஒவ்வொன்றுக்கும் தனி வரி). எந்தப் பெயர் போடுவது, அல்லது பெயரே வேண்டாமா. எங்கே காட்டலாம்: பிரிண்ட், கண்காட்சி, அச்சு இதழ், இணையம். எந்த ஊரில் காட்டலாம். எவ்வளவு காலம். பின்வாங்க விரும்பினால் யாரிடம், எந்த எண்ணில் சொல்வது.

ஊரைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. டெல்லியில் சுவர் நிறைய மாட்டினாலும் கவலைப்படாத ஒருவர், மதுரைப் பதிப்பில் அதே படம் தபால்தலை அளவு வந்தால் உசிலம்பட்டியில் இருக்கும் சித்தப்பாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இணையத்துக்கோ ஊர் எல்லை கிடையாது. ஆகவே இணையத்துக்குச் சம்மதம் என்றால் எல்லா ஊருக்கும் சம்மதம் என்பதை விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

கையெழுத்து இரண்டு முறை. எடுப்பதற்கு முன் ஒன்று, தேர்ந்தெடுத்த பிறகு படத்தின் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொன்று. பார்க்காத படத்துக்கு யாராலும் முழுச் சம்மதம் தர முடியாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66E: ஒருவரின் அந்தரங்கப் பகுதியைச் சம்மதமில்லாமல் படமெடுத்தாலும், வெளியிட்டாலும், அனுப்பினாலும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்க்கு மிகாத அபராதம், அல்லது இரண்டும். உள்ளாடை மட்டும் அணிந்த நிலையும் இதில் அடக்கம். நண்பனின் கருத்தைக் கேட்க வாட்ஸ்அப்பில் ஒரு படம் தள்ளுவதும் அனுப்புவதுதான். பிரிவு 67 ஆபாசத்தை மின்னணு வழியில் வெளியிடுவதைப் பற்றியது. அங்கே எடுக்கப்பட்டவரின் சம்மதம் மட்டுமே உங்களைக் காப்பாற்றாது. ஆகவே நிர்வாணப் படத்தை இணையத்தில் போடும் யோசனையை ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

5. அறை, ஜன்னல், வெயில்

உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற அறை வேண்டும். உடை மாற்றத் தனி இடம் வேண்டும். அறையில் நீங்கள், அவர், அவர் அழைத்து வரும் ஒருவர் தவிர யாரும் இருக்கக்கூடாது. உதவியாளர் தேவை என்றால் முன்பே சொல்லி, ஆளையும் காட்டிவிடுங்கள். டீ கொண்டுவரும் பையன் கதவைத் தட்டாமல் திறந்தால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று புத்தகங்கள் சொல்லும். மதுரை வடக்கு அட்சரேகை 10 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் நேர் வெயில் சாய்வாக விழும், தெற்கு ஜன்னல்தான் சீராக இருக்கும். மற்ற மாதங்களில் வடக்கு. எந்த ஜன்னலானாலும் வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மெதுவாக்குங்கள்.

ஆளை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்காரவையுங்கள். மிக அருகில் வைத்தால் ஒரு கன்னம் வெளுத்து, மறு கன்னம் இருண்டுபோகும். மறுபக்கத்தில் தெர்மோகோலை வைத்தால் நிழல் குறையும், கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் நிழல் கூடும்.

டியூப்லைட்டை அணையுங்கள். பிறகு சுவரைப் பாருங்கள். நம் வீடுகளில் வெளிர் பச்சை, ரோஸ், நீலம்தான் அதிகம். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் தாடையோரம் பச்சையாகத்தான் வரும், எந்த ஒயிட் பேலன்ஸும் அதைச் சரியாக்காது. முகத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும் சுவரை வெள்ளைத் துணியால் மூடுங்கள். பின்னால் இருக்கும் சுவர் எந்த நிறமானாலும் பரவாயில்லை.

6. தூரம், உயரம்

போனிலோ வைடு லென்ஸிலோ அரை மீட்டரில் நின்று எடுத்தால் மூக்கும் தாடையும் பெருத்து, காது பின்னால் போய்விடும். இதற்குக் காரணம் தூரம்தான். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுங்கள்.

கேமரா கண் மட்டத்தில் தொடங்கட்டும். கீழிருந்து எடுத்தால் தாடையும் தோளும் வலுவாகத் தெரியும். மேலிருந்து எடுத்தால் தோள் சிறுத்து நெற்றி பெருக்கும். தோளை நேராக வைத்தால் அகலம், 30 முதல் 45 டிகிரி திருப்பினால் ஒடுக்கம். மோவாயைத் தூக்கினால் குரல்வளை மேடு தெரியும்.

இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது அவர் கேட்டதைச் செய்துகொடுக்கத்தான். திருநங்கை என்றதும் தோளை ஒடுக்குவதும், திருநம்பி என்றதும் கீழே குனிந்து எடுப்பதும் கேட்காமலேயே செய்கிற காரியமாகிவிட்டன. தன் அகன்ற தோளைப் பெருமையாக நினைக்கும் திருநங்கைகள் உண்டு. இரண்டு விதமாகவும் ஒவ்வொரு படம் எடுத்து, திரையில் காட்டி, எது என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

தொடக்க அமைப்பு: எஃப் 4, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 400 முதல் 800. எஃப் 1.8-க்கு ஓடாதீர்கள். கண் மட்டும் கூர்மையாகவும் கையும் கழுத்தும் மங்கலாகவும் வந்தால், உடலைப் பற்றிய படத்தில் உடலே இல்லாமல் போகும்.

7. தோலும் மேக்கப்பும்

வெள்ளைச் சுவர் முன் கேமராவைத் தானியங்கியில் விட்டால் முகம் இருண்டு வரும். கறுப்புத் துணி முன் வெளுத்து வரும். ஸ்பாட் மீட்டரை வெளிச்சம் விழும் கன்னத்தில் வையுங்கள். மாநிறத்துக்கு மீட்டர் சொல்வதே போதும். கரிய தோலுக்கு முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள். குறைக்காவிட்டால் அவருடைய நிறம் அவருடையதாக இருக்காது.

ஃபவுண்டேஷன் கழுத்தைவிட வெளிறியிருப்பது அடிக்கடி நடக்கிறது. வரும்போதே சொல்லிவிடுங்கள்: ஒன்று கழுத்து வரை பூசட்டும், அல்லது ஒரு ஷேடு குறைக்கட்டும். துத்தநாகமோ டைட்டானியமோ கலந்த சன்ஸ்கிரீனும் பவுடரும் ஃபிளாஷ் பட்டால் சாம்பல் வெள்ளையாக எதிரொளிக்கும். முதல் முறை ஃபிளாஷைத் தவிர்க்கச் சொன்னது இதனால்தான்.

சவரம் செய்பவர் என்றால் எடுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடித்திருக்கட்டும். சிவப்பு அடங்க அவ்வளவு நேரம் ஆகும். நீலம் பூத்த தாடை நிழல் வெறும் ஃபவுண்டேஷனுக்கு அடங்காது, அடியில் ஆரஞ்சு கரெக்டர் வேண்டும். முன்னாலிருந்து விழும் மென்மையான வெளிச்சம் அதை இன்னும் மறைக்கும்.

திருநம்பிக்கு இதற்கு நேர் எதிரான தேவை இருக்கலாம். ஹார்மோன் தொடங்கிச் சில மாதத்தில் வந்த அரும்பு மீசையை அவர் படத்தில் பார்க்க ஆசைப்படுவார். முன் வெளிச்சம் அதை அழித்துவிடும். ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் இருக்கும்படி உட்காரவைத்து, பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு முடியும் தெரியும்.

வியர்வையைத் தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். போனில் எடுத்தால் பியூட்டி மோடை முதலிலேயே அணையுங்கள். அது கேட்காமலே நிறத்தை வெளுக்கும், தாடையையும் செதுக்கும்.

8. எடுக்கும் வரிசை

முகம், கை, உடையோடு முழு உருவம், கடைசியில் (பேசியிருந்தால்) உடல். இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். உடலை முதலில் எடுத்தால் அந்த இறுக்கம் முகத்தில் தங்கி, பிறகு எடுக்கும் எல்லாப் படத்திலும் இருக்கும்.

ஆளைத் தொட்டுத் திருத்தாதீர்கள். சேலை மடிப்பைச் சரிசெய்வதும் தொடுவதுதான். எப்படி நிற்க வேண்டும் என்பதை நீங்களே நின்று காட்டுங்கள். “பொம்பளை மாதிரி நில்லுங்க”, “ஆம்பளையா உட்காருங்க” என்ற பேச்சே கூடாது. “இடது தோளை ஜன்னல் பக்கம் கொஞ்சம் கொண்டு வாங்க அக்கா” என்றால் வேலை நடக்கும். பதற்றத்தில் “சார்… சாரி, மேடம்” என்று உளறுபவர்கள் உண்டு. முறைப் பெயரை அன்று காலையே நாக்குக்குப் பழக்கிக்கொண்டு போங்கள். தவறினால் ஒரு வார்த்தையில் திருத்திவிட்டு நகருங்கள். நீளமான மன்னிப்பு அவரைத்தான் சங்கடப்படுத்தும்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் திரையைக் காட்டுங்கள். வேண்டாம் என்றதை அவர் கண்ணெதிரே அழியுங்கள்.

9. உடலும் தழும்பும்

பைண்டர் (மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடை) அணிந்த திருநம்பியிடம் எத்தனை மணிக்குப் போட்டார் என்று கேளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. வெயில் காலத்தில் இடைவேளையில் கழற்றிவைக்கச் சொல்வது நல்லது. “மூச்சை நன்றாக இழுத்து நில்லுங்க” என்று சொல்லாதீர்கள், அவரால் முடியாது. பைண்டருக்குப் பதில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தால் வேலையைத் தள்ளிவையுங்கள். அது மூச்சுவிட விடாமல் இறுக்கும், விலா எலும்பையும் பாதிக்கும்.

மார்பு அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகாதவரிடம் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லாதீர்கள். தழும்பு இழுபட்டு அகலும். புதுத் தழும்பில் நேர் வெயிலும் படக்கூடாது, கறுத்துவிடும். சிவப்பு மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். எப்போது எடுப்பது என்பது அவர் முடிவு.

வெளிச்சம் பக்கவாட்டில் தோலை உரசிச் சென்றால் தழும்பின் மேடு நிழலோடு எழும்பித் தெரியும். முன்னாலிருந்து விழுந்தால் நிறம் மட்டும் தெரியும், மேடு அடங்கிவிடும். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்புங்கள். தழும்பை மட்டும் வெட்டி எடுத்த க்ளோஸ்அப், மருத்துவமனைக் கோப்பிலிருந்து எடுத்ததுபோல இருக்கும். கையோ மோவாயோ ஃபிரேமுக்குள் வந்தாலே ஆள் வந்துவிடுவார்.

மெல்லிய சுங்குடிச் சேலையையோ பருத்தித் துணியையோ சுற்றி, பின்னால் ஜன்னல் இருந்தால், துணி வழியே உடல்கோடு முழுவதும் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது கேமராவில் தெரிவதும் உண்டு. சோதனைப் படம் ஒன்றை எடுத்து அவரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

மாதாமாதம் உடல் மாறுவதைத் தொடராக எடுப்பவர்கள், நாற்காலிக்கும் கேமராவுக்கும் தரையில் டேப் ஒட்டி, லென்ஸ், உயரம், நேரம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். தூரம் கொஞ்சம் மாறினாலும் மாறியது முகமா லென்ஸா என்று பிறகு சொல்ல முடியாது.

10. வெளியிடம்

முதல் நாளே வெளியே போகாதீர்கள். அறையில் ஒருமுறை வேலை செய்த பிறகு போங்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனே எடுத்துப்போக முடியாது, திட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள். திருமலை நாயக்கர் மகாலில் ஸ்டாண்டு, ரிஃப்ளெக்டர் என்று இறங்குவதற்கு முன் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்குங்கள். வண்டியூர் தெப்பக்குளம் மாலையில் கூட்டம்; வாரநாள் காலையில் வெளிச்சம் வந்ததும் கால் மணி நேரம் கிடைக்கும். கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் வாரநாள்தான். வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும், வெறுங்காலோடு நிற்கச் சொல்லாதீர்கள்.

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். புருவ மேடும் குரல்வளையும் கடும் நிழலோடு துருத்தும், கண் குழிக்குள் போய்விடும். காலை எட்டரைக்கு முன், மாலை ஐந்துக்குப் பின்.

ரிஃப்ளெக்டரும் பெரிய லென்ஸும் கூட்டத்தைக் கூட்டும். 50 மிமீ, இரண்டு பேர், காத்திருக்கும் ஆட்டோ. யாராவது கிண்டல் செய்தால் பதில் பேசாமல் கிளம்புங்கள். நீங்கள் சண்டை போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள், அவர் அதே தெருவில் நாளைக்கும் நடக்க வேண்டும்.

11. தேர்வும் எடிட்டிங்கும்

தேர்வை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்யுங்கள். நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யலாம். தாடையைச் செதுக்குவது, தழும்பை அழிப்பது, தோலை வழவழப்பாக்குவது ஆகியவற்றை அவர் கேட்டால் மட்டும் செய்யுங்கள். வெளுப்பாக்கச் சொல்லி அவரே கேட்பதும் நடக்கும். அவருடைய சொந்தப் பிரிண்டுக்குச் செய்துகொடுங்கள், கண்காட்சிக்கு வேண்டாம் என்று நேரடியாகப் பேசுங்கள்.

முகம் தெரியக்கூடாது என்றவருக்கு முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. பச்சை குத்திய கை, கழுத்துச் சங்கிலி, பின்னால் தெரியும் கடைப் பலகை, வீட்டுக் கதவு: தெரு ஆட்கள் இவற்றிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். படத்தை நூறு சதவீத அளவில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள்.

அனுப்புவதற்கு முன் எக்ஸிஃப் தகவலையும் (கேமரா கோப்புக்குள் தானாகப் பதியும் விவரங்கள்) ஜிபிஎஸ் இடக்குறிப்பையும் நீக்குங்கள். கோப்புப் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம், எண் போதும். போனில் தானியங்கி பேக்கப்பை நிறுத்திவிட்டு எடுங்கள். குடும்பத்தோடு பகிரும் ஆல்பத்தில் போய் ஏறிய கதைகள் உண்டு.

தலைப்புக் குறிப்பு அவர் சொன்ன சொற்களில் இருக்கட்டும். டெல்லியில் திருநங்கை மோனா அகமதுவைப் பல ஆண்டுகள் படமெடுத்த புகைப்படக் கலைஞர் தயானிதா சிங், அந்தப் படங்களை நூலாக்கியபோது மோனாவே எழுதிய மின்னஞ்சல்களைப் படங்களோடு சேர்த்தார். எழுத விரும்பாதவரிடம் குரல்பதிவு வாங்கி, எழுதியதை வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

12. பிரிண்ட், வெளியீடு, பின்வாங்கல்

லேபில் பிரிண்ட் போடும்போது கூடவே நில்லுங்கள். நல்ல படம் கிடைத்தால் மாதிரிக்கு என்று கடை வாசலில் மாட்டும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. ஆபரேட்டர் தன் கணினியிலிருந்து கோப்பை அழித்ததைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். உடல் படங்களை லேபுக்கே கொடுக்காமல், வீட்டு இங்க்ஜெட்டில் போடுவது பாதுகாப்பு.

அவருக்கு 8×12-இல் இரண்டு பிரிண்ட், கண்காட்சிக்கு முன்பே. ஃபிரேம் போட்டுத் தருவதா, உறையில் தருவதா என்று கேளுங்கள். வீட்டில் மாட்ட முடியாதவர்கள் பலர்.

பின்வாங்குகிறேன் என்று போன் வந்தால் காரணம் கேட்காதீர்கள். உங்கள் பக்கங்களிலிருந்து அன்றே எடுத்துவிட்டு, கண்காட்சி நடத்துபவருக்கும் இதழுக்கும் எழுத்தில் தெரிவித்து, அந்த நகலை அவருக்கும் அனுப்புங்கள். அச்சானதைத் திரும்பப் பெற முடியாது என்பதைச் சம்மதத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்த ரா கோப்புகள் கடவுச்சொல் போட்ட இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். நிராகரித்தவற்றை அழித்த பிறகு கார்டை ஃபார்மட் செய்து, அதன் மேல் வேறு எதையாவது முழுவதும் எடுத்து நிரப்புங்கள். வெறும் ஃபார்மட் செய்த கார்டிலிருந்து படங்களை மீட்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.